தோட்டத்துச் சடக்கில் பெரியவர்

பெண் கேட்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலையிலிருந்த ஒருவரின் மகளைக் கேட்டுப் போனபோது, கிள்ளான் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்து ரோட்டை, அதாவது சடக்கைப் பற்றி அளந்து தள்ளினேன். குட்டிகளோடு குறுக்கே போகும் காட்டுப்பன்றி, பாதையை அடைத்துப் படுத்த மலைப்பாம்பு, தலைக்கு மேல் இரைந்து பறக்கும் இருவாச்சி. (அத்தனையும் நிஜம். எனக்குப் பயமே கிடையாது என்றதுதான் புளுகு.)

“புலி?” என்றார் பெண்ணின் அப்பா.

“உஸ்! அங்க அந்தப் பேரச் சொன்னா வந்து நிக்கும்ங்க. ‘பெரியவர்’னுதான் சொல்லுவோம்.”

அவருக்கு அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பெண் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். அடுத்த ஞாயிறு நண்பனின் மோட்டார் காரை இரவல் வாங்கி, அவரைப் பின்சீட்டில் ஏற்றிப் போனேன். காட்டோரமாக வண்டி கொதித்து நின்றது. ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். சடக்கோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த முனியாண்டி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, பெரியவர் அந்தப் புதருக்குள்ள உக்காந்திருக்காரு. கொஞ்சம் பொறுங்க லா.”

பொறுப்பதாவது! எப்படி ஏறினேன், எப்படிக் கிளப்பினேன் என்று தெரியாது. ஒரு வளைவு தாண்டி, “பயப்படாதீங்க” என்று தைரியம் சொல்லத் திரும்பினேன். பின்சீட்டில் அவருடைய குடை மட்டும் இருந்தது. அடித்துக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்தேன். உடனே திரும்பினேனா? இல்லை, இன்னும் வேகமாக விட்டேன். இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தொழிலாளர் லயத்து ஆட்களைத் திரட்டி, தகரம் தட்டி, கூச்சல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், சடக்கோரத்தில் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டான். “நீங்க தண்ணிக்குப் போனப்ப வயித்துக் கடுப்புன்னு ஒதுங்கினாருங்க. இவரத்தானே சொன்னேன்!”

அவர் தகரங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இம்புட்டு மேளமும் எனக்கா?”

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பெண் கிடைக்காது என்று முடிவே கட்டினேன். ஆனால் கொடுத்தார். “ஊரையே கூட்டிக்கிட்டாவது திரும்பி வந்தானே” என்றாராம் வீட்டில்.

என் மனைவிதான் அவ்வளவு சுலபமாக விடவில்லை. எங்கே போனாலும், காரை விட்டு இறங்குமுன் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். போன வாரம் பேரன் ஒண்ணுக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். இறங்காமல் கையை நீட்டினான்.

“தாத்தா, சாவி.”