எமகண்டத்தில் பூட்டாத பால் ஜாயிண்ட்

ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன் காரில் கை வைக்கக் கூடாது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது. அதுவும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு.

நான் விழுப்புரத்தில் இயற்பியல் ஆசிரியன். நெம்புகோல், திருகு, ஆப்பு என்று வருடம் தவறாமல் பாடம் எடுப்பவன். (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம்.)

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஞாயிறு காலை வளைகாப்பு. அது முடிந்ததும் பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். முந்தின வாரமே போன் செய்திருந்தாள்.

"அண்ணா, இவங்க வீட்டுல யாரு வந்தாலும் கார்லதான் வந்து எறங்குறாங்க. நீ எனக்கு வேற எதுவும் செய்ய வேணாம். உன் கார்ல வந்து என்னைக் கூட்டிக்கினு போ, அது போதும்."

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். 'இதுகூடச் செய்யமாட்டேனா' என்று சொல்லி போனை வைத்தேன். அடுத்த நாளே காரின் முன்பக்க வலது சக்கரம், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமைதான் கொண்டுபோய்க் காட்டினேன். மெக்கானிக் குனிந்து பார்த்து, சக்கரத்தை ஆட்டினார். "பால் ஜாயிண்ட் போச்சு சார். சக்கரத்தையும் அடியில இருக்கிற இரும்புக் கையையும் சேர்த்துப் புடிச்சிக்கினு இருக்கிறதே அதான். மாத்தாம ஓட்டாதீங்க. நான் திங்கக்கிழமை வர்றேன், கோலியனூர்ல அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து."

விழுப்புரத்தில் வேறு மெக்கானிக்கே இல்லையா என்று கேட்காதீர்கள். என் மனைவி செல்வி அன்றைக்கே கேட்டுவிட்டாள். நான் அதற்குள் நான்கு வீடியோ பார்த்து முடித்திருந்தேன். நான்கு வீடியோ பார்த்தவனிடம் பிரம்மாவே வந்து பேசினாலும் எடுபடாது.

சனிக்கிழமை காலை உதிரிபாகக் கடைக்குப் போனேன். கரும்பு டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் சாமான் விற்கிற பெரிய கடை. புது பால் ஜாயிண்டை வாங்கிக்கொண்டு, பழையதைக் கழற்ற என்ன கருவி இருக்கிறது என்று தோரணையாகக் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, இரண்டு பல் உள்ள கவட்டை. இடுக்கில் செருகிச் சுத்தியலால் அடித்தால், ஆப்பு போல் இறங்கிப் பிரித்துவிடும். மற்றது பாக்குவெட்டி மாதிரி சின்னதாக இருந்தது. திருகை மெல்ல முறுக்கினால் அழுத்தித் தள்ளும்.

"திருகு வச்சதை எடுத்துக்கினு போங்க சார். மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா எதையும் கிழிக்காது. கவட்டை ரப்பரைக் கிழிச்சிடும். தூக்கிப் போடுற ஜாயிண்டுக்குத்தான் அது சரி."

"நான் தூக்கித்தானே போடப் போறேன்?" என்றேன். பாக்குவெட்டியைக் கொண்டு காரைக் கழற்றுவதாவது என்று உள்ளுக்குள் சிரித்தேன். "கவட்டையே குடுங்க. பெருசா."

"எந்த வண்டிக்கு சார்?"

"பெருசாவே குடுங்க" என்றேன் மறுபடியும். (கேள்விக்குப் பதில் தெரியாத மாணவர்களும் என் வகுப்பில் இப்படித்தான் குரலை உயர்த்துவார்கள்.)

வீட்டுக்கு வந்து காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கவட்டையை நீட்டினேன். அது லாரிக்கானது. அதன் வாய்க்குள் என் காரின் பால் ஜாயிண்ட் எங்கும் இடிக்காமல் போய்வந்தது. திரும்பவும் கடைக்குப் போய், "லாரி வேலை முடிஞ்சிடுச்சி, இப்ப கார்" என்று பொய் சொல்லிச் சின்னக் கவட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என் சட்டையில் இருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றிக் கொடுத்தார்.

சின்னக் கவட்டை கச்சிதமாகச் செருகிக்கொண்டது. ஓங்கி ஐந்து அடி அடித்தேன். ரப்பர் கிழிந்து கிரீஸ் என் மூக்கில் தெறித்தது. வெற்றி என்று கத்தினேன். செல்வி போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"இன்னாங்க, அவரு கீழ இருக்கிறதைக் கழட்டுறாரு. நீங்க மேல இருக்கிறதை அடிச்சிக்கினு இருக்கீங்க."

நான் கிழித்தது ஸ்டியரிங்கோடு சேர்ந்த இணைப்பு. நேற்றுவரை அது நன்றாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருகு வைத்ததை வாங்கியிருந்தால், தப்பான இடத்தில் மாட்டினாலும் தப்பித்திருப்பேன். அந்த எண்ணம் வந்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் தங்கையின் முகம் நினைவுக்கு வர, எழுந்து சரியான ஜாயிண்டை ஒரு மணி நேரம் அடித்தேன். கடைசியில் அது விட்டது. புதியதைப் பொருத்தி, நட்டை எடுக்கப் போனேன்.

"டேய்!" வாசலில் இருந்து அம்மா. "மணி ஒன்றரை. எமகண்டம் பொறந்துடுச்சி. புது சாமானை இப்ப பூட்டாத."

"கழட்டலாமா?"

"கழட்டுறது ஒன் இஷ்டம். பூட்டுறது மூணு மணிக்கு மேல."

இயற்பியல் ஆசிரியன் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. புது நட்டையும் அதைப் பூட்டும் பின்னையும் அம்மா வாங்கிக்கொண்டு போய், குங்குமம் வைத்து, சாமி படத்தடியில் வைத்துவிட்டார். அதுவரை ஜாயிண்ட் விழாமல் இருக்கட்டும் என்று, அடிபட்டுத் தேய்ந்த பழைய நட்டை இரண்டு சுற்று மட்டும் சுற்றிவைத்தேன். சாப்பிட்டேன். கொஞ்சம் சாய்ந்தேன். எழுந்தபோது மணி ஐந்து. செல்வி சீர்த்தட்டுகளைக் கூடத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். நேராகப் போய்ச் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, டயரை ஓர் உதை உதைத்து, "முடிஞ்சுது" என்று அறிவித்தேன். நட்டின் நினைவு எனக்குச் சுத்தமாக இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. பட்டுப்புடவையில் அம்மாவும் செல்வியும். பின் சீட்டில் வளையல், பூ, ஐந்து வகைச் சாதம். நான்கு டயருக்கும் முன்னால் அம்மா எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் கைகூப்பி நின்றார். நான் ஸ்டியரிங்கைத் தெருப்பக்கம் ஒடித்து வண்டியை நகர்த்தினேன். மூன்று பழங்கள் நசுங்கின. வலதுபக்கம் 'டமார்' என்று சத்தம். சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. நான்காவது பழம் முழுசாக உருண்டுபோய் அம்மாவின் காலடியில் நின்றது.

அம்மா உள்ளே போய், குங்குமப் பொட்டோடு அந்த நட்டை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். பைபாஸில் ஆகியிருந்தால் என்று நினைத்து, கார் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

நாங்கள் திண்டிவனம் போனது எதிர்வீட்டுக்காரரின் குட்டியானையில். பக்கத்துக் காணை கிராமத்தில் இருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டி அது. அம்மாவும் செல்வியும் முன்னால். பின்னால் தார்ப்பாயின் மேல் நானும் ஐந்து வகைச் சாதமும். தங்கையின் மாமியார் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்க, அவற்றுக்கு நடுவே தலையெல்லாம் மல்லாட்டைத் தோலோடு குதித்து இறங்கினேன். கவிதா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வளையல் போட்டு முடிந்ததும் அவள் மாமியார் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பரவாயில்ல தம்பி, நம்ம கார்லயே அனுப்பி வைக்கிறோம். புள்ளத்தாச்சிப் பொண்ணு பாருங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. தலையாட்டப் போனேன்.

"வேணாம் அத்தை" என்றாள் கவிதா. "எங்க அண்ணன் எதுல வந்துச்சோ அதுலயே போறேன். டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லுங்க, போதும்."

இரண்டு கை நிறைய வளையலோடு அவள் குட்டியானையின் முன்சீட்டில் அம்மா பக்கத்தில் ஏறினாள். செல்வியும் நானும் பின்னால் ஏறினோம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. விழுப்புரம் வரும்வரை முன்னால் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் நான் அழுதுகொண்டே வந்தேன். செல்வி என் தலையில் இருந்த தோலைப் பொறுக்கினாள்.

காரைத் திங்கட்கிழமை மெக்கானிக் சரிசெய்தார். சாமி நட்டைக் கொடுக்க அம்மா மறுத்துவிட்டதால் வேறு நட்டுப் போட்டார். இன்றைக்கும் நான் கார் சாவியைத் தொட்டால் வீட்டில் யாராவது, "நட்டு எங்க இருக்குது?" என்பார்கள். "சாமிகிட்ட" என்று நான் பதில் சொன்னால்தான் வண்டியில் ஏறுவார்கள்.

கவிதாவின் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. லீவுக்கு வந்தவள் போன மாதம் பூஜை அலமாரியை அண்ணாந்து பார்த்து, குங்குமம் அப்பிய அந்த நட்டைக் காட்டி, "ஆயா, இது இன்னா சாமி?" என்று கேட்டாள்.

"உங்க மாமா பூட்ட மறந்த சாமி" என்றார் அம்மா. "நல்லா கும்புட்டுக்க. நீ உங்கம்மா வயித்துல இருக்கும்போது அந்தக் கார்லதான் வந்திருக்கணும்."

குழந்தை கண்ணை மூடிக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற நானும் கும்பிட்டேன்.