மேடத்துக்கு வழி விடுங்க!

சிங்கப்பூரில் பாதிப் பேர் செடி வளர்க்கிறார்கள். ஒரு செடியிடம் கைகட்டி வேலை பார்த்தவர், எனக்குத் தெரிந்து, எங்கள் பிடோக் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடி ரிக்கர் ஒருவர்தான்.

ரிக்கர் என்பது அவர் பெயர் அல்ல, பார்த்த வேலை. துவாஸ் கப்பல் பட்டறையில் கிரேன் தூக்கும் இரும்புக்குக் கயிறு கட்டி, கையசைத்து வழி காட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு விசிறிப் பனையைத் தொட்டியோடு வாங்கி வந்து, வீட்டு வாசலில், எல்லோரும் போகும் நடைபாதையில் வைத்தார். ஒவ்வோர் இலையும் மடிப்பு மடிப்பாக வட்டமாய் விரிந்த பெரிய விசிறி. அதற்கு அவர் வைத்த பெயர் 'மேடம்'.

மேடத்துக்குக் குழாயிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் ஆகாது. வாளியில் பிடித்து, மூடி போட்டு வைத்து, மறுநாள்தான் ஊற்றுவார். காற்றடித்தால் இலை கிழியும் என்று, வானம் கறுத்ததுமே குடையோடு வந்து நிற்பார். குடை மேடத்துக்கு, நனைவது அவர். கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி தொட்டித் தட்டில் டார்ச் அடித்தபோது, "ஸ்லோலி லா, மேடம் ரெஸ்டிங்" என்றார் ரிக்கர். அந்த மனிதரும் விளக்கை அணைத்துவிட்டுப் பனையிடம் 'சாரி' சொல்லிவிட்டுப் போனார்.

புது இலை வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும். விரிந்த அன்று ரிக்கர் தேக்கா சந்தைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பார். "மேடம் பெத்துட்டாங்க!" என்பார். பக்கத்து வீட்டுச் சீனர் ஒருமுறை சிவப்பு உறையில் பணம் வைத்து அங்பாவே கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பனையைப் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஓடும்போது தினமும் ஓர் இலை என் நெற்றியில் தட்டும். "குனிஞ்சு போங்க தம்பி, மேடத்துக்கு வழி விடுங்க" என்பார். ஒருநாள் கோபத்தில் நகர மன்றத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். நோட்டீஸ் வந்தது. இரண்டு வாரத்தில் அகற்ற வேண்டும், இல்லையென்றால் அவர்களே எடுத்துப் போய்விடுவார்கள்.

நோட்டீஸும் கையுமாக ரிக்கர் வந்து நின்றது என் வீட்டு வாசலில்.

"மேல கொஞ்சம் வெட்டி விடுங்களேன், அண்ணே," என்றேன், பெரிய தோட்டக்காரன் மாதிரி.

"குருத்து ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அத வெட்டுனா மேடம் போயிடுவாங்க." நோட்டீஸை நாலாக மடித்தார். "கீழ தோட்டத்துல, தூங்குமூஞ்சி மரத்து நெழல்ல ஒரு எடம் கேட்டு லெட்டர் எழுதிக் குடுங்க. வெயில்ல மட்டும் வெச்சிடக் கூடாது."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன். என் புகாருக்கு எதிராக நானே மனு எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. இடம் கிடைத்தது.

மேடத்தைக் கீழே இறக்கிய நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரிக்கர் தன் மனைவியின் நூல் சேலையால் இலைகளைச் சேர்த்துச் சுற்றினார். லிஃப்டில் மேடத்துக்கும் கூரைக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். நாங்கள் நான்கு பேர் பிடிக்க, அவர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தார். கட்டைவிரல் நிமிர்ந்தால் தூக்கினோம். உள்ளங்கை கவிழ்ந்தால் மூச்சையே நிறுத்தினோம். ஓர் இலைகூட மடங்கவில்லை. மர நிழலில் சேலை அவிழ்ந்து அந்த விசிறிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. "அண்ணே, அந்தப் புகார் எழுதினது..." என்று இழுத்தேன்.

"தெரியும்லா," என்றார், இலையைத் துடைத்துக்கொண்டே. "நம்ம மாடியில மத்தவங்க எல்லாம் குள்ளம். மேடம் தட்டுன நெத்தி உங்களுது ஒண்ணுதான். அதான் லெட்டருக்கு உங்ககிட்ட வந்தேன்."

ரிக்கர் இப்போது காலையிலிருந்து கீழேதான் இருக்கிறார். ஒன்பதாம் மாடி நடைபாதை காலியாகக் கிடக்கிறது, தாராளமாக நிமிர்ந்து போகலாம். ஆனாலும் அந்த இடம் வந்ததும் நான் குனிந்துதான் போகிறேன்.