தங்கள் உண்மையுள்ள எட்டாவது வரி

சுகாதாரத் துறை ஊழியர்களின் இடமாறுதல் மனுக்களை இனிமேல் காகிதத்தில் வாங்குவதில்லை, இன்டர்நெட்டில் இருக்கும் கிளவுடில்தான் வாங்குவது என்று மேலிடம் முடிவெடுத்தது. காகிதம் தொலைந்துபோகிறது, கிளவுடில் எதுவும் தொலையாது என்று சுற்றறிக்கையில் காரணமும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சுற்றறிக்கை இப்போது எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நினைவிலிருந்துதான் சொல்கிறேன்.

மனு வாங்கும் வெப்சைட்டை எழுதியவன் நான், துறையின் புரோகிராமர். என் கம்ப்யூட்டரில் அது சமர்த்தாக ஓடியது. கிளவுடில் ஏற்றினால் மட்டும் 'பிழை' என்ற ஒற்றை வார்த்தையோடு ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை. மனுப் போடக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

எனக்கு அதில் சொந்தக் கவலை வேறு. என் அக்கா நர்ஸ். பகல் முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில் வேலை. அவள் மகள் நாலு வயசுக்காரி எங்கள் வீட்டில் வளர்கிறாள். அம்மாவைப் போனில்தான் பார்க்கிறாள். இந்த முறை மாறுதல் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இதே கதை. தினமும் மதியம் அக்கா கூப்பிட்டு வெப்சைட் ஓடுகிறதா என்று கேட்பாள். ஓடும் என்பேன்.

புதன்கிழமை கோளாறு பிடிபட்டது. வெப்சைட்டோடு கூடவே ஒரு கான்ஃபிக் ஃபைல் கிளவுடுக்குப் போகும். மனுக்களை எங்கே சேமிப்பது, எதைக் கொண்டு திறப்பது என்றெல்லாம் அங்கிருக்கும் சர்வருக்குச் சொல்கிற சின்ன ஃபைல். நான் எழுதியது ஏழு வரி. போய்ச் சேர்ந்தது எட்டு வரி. எட்டாவது வரியில், 'தங்கள் உண்மையுள்ள, கண்காணிப்பாளர்' என்று இருந்தது.

கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். முப்பது வருஷ சர்வீஸ். அலுவலகத்தை விட்டு வெளியே போகும் எதுவும் அவர் பெயர் தாங்கித்தான் போக வேண்டும் என்பது விதி. அதனால் கிளவுடுக்கு அனுப்பும் வேலையும் அவர் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அவரிடம் போய் நின்றேன். கிளவுட் அலுவலகத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்டார். வெளியே என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல் பார்த்தார்.

"சார், அந்த வரி சர்வருக்குப் புரியல."

"தம்பி, என் வரி யாருக்கும் புரியணும்னு விதியில இல்ல. இருக்கணும்னுதான் இருக்கு."

வியாழக்கிழமை முழுக்க நான் எடுப்பதும் அவர் போடுவதுமாகப் போனது. ஒரு தடவை மரியாதை போதவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று மாற்றிப் பார்த்தார். சர்வர் அதற்கும் மசியவில்லை. இயக்குநரிடம் ஓடினேன். அவர் பிழைப் பக்கத்தை ரொம்ப நேரம் ஆராய்ந்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி மேலே துறையின் சின்னத்தைப் போடச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஒரு வரிக்கு முன்னால் ஹாஷ் (#) குறி போட்டால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். கண்காணிப்பாளரின் வரிக்கு முன்னால் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இது என்னவென்று கேட்டார்.

"மரியாதைக் குறி சார். இது இருந்தா சர்வர் அந்த வரியில கையே வைக்காது."

அவர் முகம் மலர்ந்தது. அத்தோடு விட்டாரா? மரியாதை தனக்கு மட்டும் போனால் நன்றாக இருக்காது என்று எட்டு வரிக்கும் போட்டு, மூன்றரை மணிக்கு அனுப்பிவிட்டார்.

சர்வர் எட்டு வரியையும் மரியாதையாகத் தாண்டிப் போனது. பிழை மறைந்து வெப்சைட் திறந்தது. ஐந்து மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மனுப் போட்டார்கள். அக்காவுக்கு ஏழாம் எண். போனில் அழுதாள்.

ஐந்தே காலுக்கு உள்ளே திறந்து பார்த்தேன். அடப்பாவமே! எங்கே சேமிப்பது என்று சொல்லும் என் ஏழு வரியையும் தாண்டிப் போனதால், சர்வர் மனுவை வாங்கி, எண்ணையும் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு, மற்றதைக் காற்றில் விட்டிருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி, எல்லாரிடமும் திரும்ப மனு வாங்கலாம் என்றேன். இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். குறையுள்ள மனுவை நிராகரிக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. இல்லாத மனுவில் குறை காண வழியில்லை. ஆகவே இருநூற்றுப் பன்னிரண்டும் ஏற்கப்பட்டன. யார் எந்த ஊர் கேட்டார்கள் என்று தெரியாததால் எல்லாருக்கும் ஒரே உத்தரவு: 'தாங்கள் கோரிய ஊருக்குத் தாங்கள் மாற்றப்படுகிறீர்கள்.'

துறையின் சரித்திரத்தில் எல்லாருக்கும் கேட்டது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அக்கா வந்துவிட்டாள். குட்டி இரண்டு நாள் அம்மாவைப் போனில் வரச்சொல்லி அடம் பிடித்தாள். மூன்றாம் நாளிலிருந்து மடியை விட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்து நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது ஊசி போட ஆளில்லை. எங்கள் ஊரில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். புகார் சொல்லவும் அதே வெப்சைட்தான். புகாரையும் அது அப்படியே எண் கொடுத்து வாங்கிக் காற்றில் விடுகிறது. வருஷம் முழுக்க ஒரு புகார்கூடச் சேராததால் துறைக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்கும் பதவி உயர்வு கிடைத்தது.

போன வாரம் என் பழைய இடத்துக்கு ஒரு புரோகிராமர் அம்மா வந்தார். கெட்டிக்காரர், ஒரே காலையில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். ஏழு ஹாஷ் குறியை எடுத்தால் சரியாகிவிடும், எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்தால் சும்மா இருப்பார்களா? பழைய மனுக்கள் எங்கே என்பார்கள், உத்தரவுகளைத் தோண்டுவார்கள். குட்டியின் முகம் கண் முன்னால் வந்தது.

"அப்படியெல்லாம் சட்டுனு எடுத்துட முடியாதும்மா. முறையா எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

சாயங்காலமே எழுதிக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' இல்லை.