புல்லுருவிப் பாதுகாப்புத் திட்டம்

மனித வரலாற்றிலேயே வெள்ளாட்டின் வயிற்றுப் புழுவுக்காக எட்டுக் கூட்டம் போட்ட அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமைமிகு கால்நடை நல அலுவலகத்தின் காவலாளி, எட்டுக் கூட்டத்துக்கும் நாற்காலி தூக்கிப் போட்ட பாக்கியசாலி.

அலுவலக வளாகத்தில் ஒரு மாமரம் நின்றது. அதன் கிளைகளில் புல்லுருவி மண்டிக் கிடந்தது. மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் அந்தச் செடியைக் காவலாளியின் அண்ணி வருடக்கணக்காகத் தொரட்டி போட்டு அறுத்துப் போய்த் தன் பதினோரு ஆடுகளுக்குப் போடுவாள். கோடையில் புல் கருகினால் அதுதான் தீனி. ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் அதுதான் மருந்து. காவலாளி கண்டும் காணாமல் இருப்பார். மூன்று வேளையும் அவருக்குச் சாப்பாடு அண்ணி வீட்டில்தான்.

ஒருநாள் இயக்குநர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா என்ன பண்றாங்க?"

"ஆட்டுக்குத் தழை அறுக்கறாங்க சார். வயித்துப் புழுவுக்கும் நல்லதாம்."

"இத யாரு கண்டுபிடிச்சது?"

"யாரும் கண்டுபிடிக்கல சார். ஆடு திங்குது, அவ்வளவுதான்."

யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டதும் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

மறு வாரமே 'இயற்கைத் தீவன மூலிகை வளப் பாதுகாப்புத் திட்டம்' பிறந்தது. மரத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். 'கால்நடைகளின் அருமருந்து. அறுக்காதீர்' என்று பலகை வைத்தார்கள். மூலிகை வளத்தை அனுமதியின்றி அறுத்தது ஏன் என்று அண்ணிக்கு ஒரு நோட்டீசும் தயாரானது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கௌரவம் கொழுந்தனாருக்கே கிடைத்தது.

"இத யாருக்காகக் காப்பாத்துறீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஆட்டுக்காகத்தான் அண்ணி."

"அப்போ ஆட்டுக்குக் குடுங்க."

"குடுத்தா தீந்துபோயிருமே அண்ணி."

அன்று முதல் அவர் தட்டில் விழுந்த குழம்பில் தட்டின் அடி தெரிந்தது.

அந்தக் கோடையில் கருப்பி என்ற சினையாடு கழிந்து கழிந்து துவண்டது. அண்ணி முறைப்படி விண்ணப்பம் போட்டாள். ஆட்டின் எடை, வயது, புல்லுருவி உட்கொண்டதில் முன் அனுபவம் என்று பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. அத்தனையையும் நிரப்பிக் கொடுத்தாள். அதைப் பரிசீலிக்க ஐந்தாவது கூட்டம் கூடியது.

"மருந்தை ஆட்டுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடி குடுக்கணுமா?" என்றார் இயக்குநர்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த காவலாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், அதுக்கு அதுதான் சாப்பாடே."

இது 'குறுக்கீடு' என்று பதிவேட்டில் ஏறியது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அது கூடுவதற்குள், தீனிக்கு வழியில்லாத அண்ணி கருப்பியோடு சேர்த்து ஆறு ஆடுகளை விற்றுவிட்டாள். ஆடு விற்ற காசில் அன்று குழம்பு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் காவலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டமோ அமோக வெற்றி. தொரட்டி படாத புல்லுருவி இரண்டே வருடத்தில் மரத்தையே மூடிவிட்டது. இயக்குநர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்த வாரம்தான் மாமரம் பட்டுப்போனது. மரம் போனால் புல்லுருவிக்கு ஏது சாறு? அதுவும் காய்ந்து சருகானது.

எட்டாவது கூட்டம் விசாரணைக் கூட்டம். அண்ணி வருடா வருடம் அறுத்ததால்தான் மரம் பிழைத்திருந்தது என்று நிபுணர்கள் நுணுக்கமாக ஆராய்ந்து சொன்னார்கள். உரிய காலத்தில் அறுக்காததே விபத்துக்குக் காரணம் என்று முடிவானது. அறுத்திருக்க வேண்டியவர் யார்? கோப்பைப் புரட்டினார்கள். அறுத்துப் பழகியவர் என்று ஆதாரத்தோடு ஒரே ஒரு பெயர்தான் அதில் இருந்தது.

கொழுந்தனார் மறுபடியும் நோட்டீசோடு போனார். தலையைக் குனிந்துகொண்டே படித்துக் காட்டினார். அண்ணி மிச்சமிருந்த ஐந்து ஆடுகளையும் பார்த்தாள்.

"அறுத்ததுக்கு ஒரு நோட்டீசு, அறுக்காததுக்கு ஒரு நோட்டீசு. இந்த ரெண்டு வருசமா ஆடு என்னத்தத் தின்னுச்சுன்னு கேட்டு ஒரு காயிதம் வந்துச்சா தம்பி?"