குறட்டைக்கு ஒரு கடலோர அறை

உயிரே போனாலும் மனைவியின் அண்ணன் குணரத்தினத்தின் வீட்டில் தங்குவதில்லை என்று மகேந்திரராசா முடிவெடுத்துவிட்டார். முடிவைச் சத்தமில்லாமல்தான் எடுத்தார். மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் அப்பார்ட்மெண்ட் சின்னது. மனைவி ஞானாம்பிகையின் காது பெரியது.

ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. டொக்டர் குணரத்தினம் ஓய்வுபெற்றுக் குடியிருக்க வேறு கரையே கிடைக்கவில்லையா? விடியமுன் தட்டி எழுப்பிக் குளிர்காற்றில் நடக்க வைப்பார். நடக்கும் வழியெல்லாம் கொலஸ்ட்ரோலைப் பற்றி வகுப்பெடுப்பார். அதற்காகச் சொந்தக்காரன் இருக்கிற ஊரில் வெளியே அறை எடுத்தால், மொன்றியலில் இருந்து யாழ்ப்பாணம் வரை கதை நாறிவிடும்.

ஆகவே, குறட்டை.

ஞாயிறு மத்தியானம் சோஃபாவில் சாய்ந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து ஒன்று விட்டார். மேல்வீட்டு செலீன் இறங்கி வந்து, தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதா என்று விசாரித்துப் போனாள்.

"என்னப்பா இது, புதுசா?" என்றாள் ஞானாம்பிகை.

"வயசு போகுதெல்லே? இந்தச் சத்தத்தோட உம்மட அண்ணை வீட்டில எப்பிடித் தங்கிறது? பாவம், அவையின்ர நித்திரை கெட்டுப்போம். கடற்கரையில ஒரு ரூம் எடுப்பமோ?"

சண்டைக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், அதுவும் சரிதான்."

"உம்மட அண்ணை கோவிக்க மாட்டாரோ?"

"நான் கதைக்கிறன்."

குசினியில் போனும் சிரிப்புமாக அரை மணி நேரம் போனது. திரும்பி வந்தவள் அவர் வயிற்றில் பாலை வார்த்தாள்.

"அண்ணை ஓமெண்டிட்டார். இப்பவே புக் பண்ணுங்கோ. ரெண்டு கட்டில் இருக்கிற ரூமாப் பாருங்கோ."

குறட்டைக்குப் பயந்து தனிக்கட்டில் கேட்கிறாள், பாவம். மகேந்திரராசா கம்ப்யூட்டரில் தேடி, காலைச் சாப்பாட்டோடு அறை விடும் ஒரு கடலோர வீட்டைப் பிடித்தார். ஜன்னலைத் திறந்தால் கடல். பத்து மணிவரை நித்திரை. பிறகு பொரித்த மீன். இத்தனை வருடம் இவளுக்கா பயந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"புக் பண்ணியாச்சோ?"

"ஆச்சு. இனி மாத்தேலாது!"

"நல்லதாப் போச்சு. அண்ணிக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே! அண்ணைக்கும் இதே குறட்டை வருத்தமாம். அவ நிம்மதியாக் கண்மூடி எத்தினை வருசம்!"

"பாவம் அவ," என்றார் மகேந்திரராசா, மனதார.

"அதுதான், நானும் அண்ணியும் வீட்டில. அந்த மற்றக் கட்டில் அண்ணைக்கு."