ஓட்டைக்காரரும் என் கையெழுத்தும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எழவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தைத் தொங்கப்போட்டவர் ஓட்டைக்காரர் ஒருவர்தான். எங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிறவர்; பெற்றவர்கள் வைத்த பேர் எங்களுக்குத் தெரியாது. எந்த மிஷினைத் திறந்தாலும் "ஓட்டை இருக்குதுங்க" என்பார். அதனால் அந்தப் பேர். பெட்டியிலிருந்து புது மிஷினை எடுக்கும்போதே சொன்ன மகராசன்.

கோவையில் கணபதிப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு பம்பு பட்டறை. வீட்டுக்காரர் போன பிறகு நானேதான் நடத்துகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. என் பேரை எழுதத் தெரியும், அது போதும் என்று இருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு சர்க்கார் டெண்டரெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. என் கையெழுத்தையும் சுண்டுவிரல் நீளக் குச்சி ஒன்றில் அடைத்துக் கொடுத்தார்கள். குச்சியை மிஷினில் செருகி ரகசிய எண்ணை அடித்தால் நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்த எண் ஆபீஸ் பழனிச்சாமிக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவளுக்கும் தெரியும். பழனிச்சாமிதான் அதை எழுதி மானிட்டர் நெற்றியில் ஒட்டியிருந்தானே! தெரியாதவள் நான் ஒருத்திதான்.

டெண்டர் பக்கத்தைத் திறந்தால் பிரவுசருக்குள் ஒரு குட்டிப் புரோகிராம் இறங்கி நம் மிஷினிலேயே வேலை செய்யும். ஆப்லெட் என்பார்கள். "ஓடட்டுமா?" என்று கேட்கும், ஆமாம் என்று அமுக்க வேண்டும். அதை ஓட்டுகிற மென்பொருளைப் புதுசாக மாற்றினால் டெண்டர் பக்கம் முரண்டு பிடிக்கும். அதனால் அரதப்பழசே கிடந்தது. அதைக் கண்டால் ஓட்டைக்காரருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

"ஏனுங்கம்மா, இந்த ஆப்லெட்டு விருந்தாளி மாதிரிங்க, முன்கட்டு ஆசாரத்துலயே உக்காரோணும்ங்க. இந்தப் பழசுல ஓட்டை. விருந்தாளி எந்திரிச்சு சமையக்கட்டு, பீரோ எல்லாம் பாத்துப்போட்டுத்தான் போவான்."

"எங்கூட்டு விருந்தாளி சமையக்கட்டுக்குத்தானுங்க வருவாங்க. சோறு அங்கதான இருக்குது?" என்றேன்.

"டெண்டருக்குன்னு ஒரு மிசினத் தனியா வெச்சுருங்க. அதுல வேற எதையும் தொறக்கப்படாது. வேலை முடிஞ்சா குச்சிய உருவிப்போடோணும்."

"ஆமாங்க, அப்புறம் அதுக்கொரு தொட்டில் கட்டித் தாலாட்டறனுங்க."

பழனிச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த மிஷினில்தான் அவன் தங்கச்சிக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்தான். ஏதேதோ பக்கம், ஏதேதோ கேள்வி. டெண்டருக்கு அமுக்கிப் பழகிய கை எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே அமுக்கியது.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கெல்லாம் சந்தனம் பூசினோம். கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டோம். அணைந்து கிடக்கிற மிஷினுக்கு என்ன பூஜை? உயிரோடு இருக்கட்டும் என்று ஓடவிட்டு, குச்சியையும் செருகிக் குங்குமம் வைத்தோம். பூஜை முடிந்தால் மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. நான் கற்பூரம் காட்டினேன். அப்போது திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"அம்மா! சாமி வந்துருச்சுங்க!" என்று பழனிச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பட்டறையே கைகூப்பியது. நானும்தான். அம்புக்குறி பல்லி மாதிரி ஊர்ந்து டெண்டர் பக்கத்தைத் திறந்தது.

பொரிக்காக வந்திருந்த ஓட்டைக்காரர் வாழை இலையைத் தாண்டிக் குதித்தார். இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார், குச்சியைப் பிடுங்கினார்.

"பூஜைல வெச்ச பொருளத் தொட்டுப்போட்டீங்களே, அறிவிருக்குதுங்களா?" என்று கத்தினேன்.

"ஓட்டை வழியா உள்ள பூந்த திருடனுக்குக் கற்பூரம் காட்டிட்டு என்னையப் பேசறீங்களா? நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் எத்தன நாளா பாத்துட்டு இருந்தானோ! இன்னொரு நிமிசம் உட்டிருந்தா உங்க கையெழுத்த எந்தக் காயிதத்துல வேணும்னாலும் போட்டிருப்பான்."

கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குச் சொந்தமாக எழுத வந்தது அந்த ஒரு பேர்தான். அதையும் எவனோ எழுதியிருப்பான்.

மறுநாள் ஓட்டைக்காரர் எல்லாவற்றையும் அழித்து மிஷினைத் துடைத்துக் கழுவிய மாதிரி ஆக்கினார். டெண்டருக்குத் தனி மிஷின் வந்தது. மானிட்டர் சீட்டைக் கிழித்தார். எல்லாரையும் வெளியே துரத்தினார்.

"இப்பப் புது எண்ண நீங்களே அடிங்கம்மா."

"எனக்கெதுக்குங்க? பழனிச்சாமி அடிப்பான்."

"கையெழுத்து பழனிச்சாமிதுங்களா?"

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒற்றை விரலால் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாகத் தேடினேன். அதற்குள் ஒரு உலை கொதித்திருக்கும். மனிதர் தும்மினார், கால் மாற்றி நின்றார், முகத்தை மட்டும் திருப்பவில்லை.

இப்போது பிரவுசர்களே ஆப்லெட்டை அடித்துத் துரத்திவிட்டன. ஓட்டைக்காரரும் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். அங்கே எந்த மிஷின் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாரோ! என் குச்சி பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எண்ணை நானேதான் வைக்கிறேன். பெற்ற பிள்ளைக்கும் சொன்னதில்லை. அந்த மனிதர் கேட்டால் சொல்லிவிடுவேன். அவர்தான் கேட்கவே மாட்டார்.