ஒளியுலகத்துக்கு நிகரான ஒரு வாடகை வீடு

ஒழுகும் குழாய்க்கு வீட்டுக்காரரை விட்டுவிட்டு, உலகத்தைப் படைத்தவரைக் குற்றம் சொன்ன ஒரே மனிதர் இந்த மொன்றியலில் லைட்டண்ணைதான்.

புவாண்ட்-கிளேர் கிடங்கில் அவருடன் வேலை செய்த ஈராக்கியர், மண்டேயர் என்ற பழைய சிறு சமயத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய சமயத்தில் ஒளியுலகத்து உயிர்களுக்கெல்லாம் ஒளியாலான உறைவிடங்கள் உண்டு. இந்த உலகமோ கீழ்நிலைப் படைப்பாளி ஒருவர் அரைகுறையாகக் கட்டியது. சாப்பாட்டு இடைவேளைகளில் இதைக் கேட்ட அண்ணை, பிறகு வேறெதுவும் கதைக்கவில்லை. லைட்டண்ணை என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அவருடைய மனைவி ஸ்பொன்சர் விசாவில் மட்டக்களப்பிலிருந்து ஜூலை மூன்றாம் தேதி வந்திறங்குவது உறுதியானது. அண்ணை இருந்ததோ நாலு ஆண்கள் பகிர்ந்த அறை. கட்டடப் பரிசோதனை என் தொழில் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு தேடினார்.

வயரிங், ஹீட்டர், ஈரம், யன்னல் என்று வீட்டைப் பற்றி என் பட்டியலில் பதினாலு கேள்விகள். அவருடையதில் ஒன்றுதான்: தண்ணீர் ஓடுகிறதா? மண்டேயரின் புனித உறைவிடத்தருகே ஓடும் நீர் வேண்டுமாம். போன வீடெல்லாம் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டுக் காது கொடுப்பார். ஒன்பது வீடுகளுக்கும் ஒரே தீர்ப்பு.

“இது மேல இருக்கிறவர் கட்டினதில்லை, பிள்ளை. அந்தக் கீழ்க் கொன்ட்ராக்டர்ட வேலை.”

பத்தாவது வீடு செயின்ட்-மிஷேலில். என் பதினாலும் சரி, அவருடைய ஒன்றும் சரி. வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். அண்ணை தன் பிரெஞ்சில் அவருக்கு ஒளியுலகத்தை விளக்கத் தொடங்கினார். விளக்கம் மூன்றாவது உறைவிடத்தில் நிற்கும்போது, கீழ்வீட்டு ஆள் நனைந்த தலையுடன் படியேறி வந்தார். திறந்துவிட்ட குழாயின் கீழே குளியல் தொட்டியின் வடிகால் மூடியிருந்ததை அண்ணை பார்க்கவில்லை. பரிசோதகரான நானும் பார்க்கவில்லை.

வீடு போயிற்று. தான் சொன்னது வழிபடும் இடத்தை என்றும், மனைவிக்குத் தேவை சமைக்க ஒரு குசினி என்றும் ஈராக்கியர் பொறுமையாக விளக்கினாராம்.

ஜூன் கடைசியில் அண்ணை என் குசினிக் கதிரையில் வந்து அமர்ந்தார். ஒளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“எயார்போட்டில இறங்கி, ‘எங்க போறம்’ எண்டு அவள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

நான் வாடகைக்கு இருந்த இந்த வீட்டின் ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்ற வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டதாகவும், வேலையிடத்துக்குக் கிட்ட நான் எப்படியும் வீடு மாறிப் போவதாகவும் சொன்னேன். அண்ணை எழுந்து குழாயைத் திறந்தார், ஒன்றை மட்டும். கேட்டார். தானே மூடினார்.

“இதுவும் கீழ்க் கொன்ட்ராக்டர்தான். ஆனா அண்டைக்கு நல்ல மனநிலையில இருந்திருக்கிறான்.”

உண்மையில் நான் புது வீட்டுக்குப் போவதாக இருந்தது ஒக்டோபரில். மூன்று மாதம் சிநேகிதி வீட்டு சோபாவில் படுத்ததை அவருக்குச் சொல்லவில்லை.